கிராணியாரும் மஞ்சள் ஆச்சரியக்குறியும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீஸ். மேசைமேல் அட்டைப்பெட்டியிலிருந்து இப்போதுதான் இறங்கிய புதுக் கம்பியூட்டர். இந்தப் பக்கம் தோட்டக் கணக்கு எழுதும் கிராணியார். அந்தப் பக்கம் ஈப்போவிலிருந்து மலையேறி வந்த கம்பியூட்டர்க்காரத் தம்பி.)

கிராணி: வா தம்பி. இதுல விண்டோஸ் 7-ஐப் போட்டுக் குடுத்துட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் போ.

தம்பி: ஐயா, அதுக்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-லயே சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க.

கிராணி: ரஸ்ஸல் துரை இந்த மலையில தேயிலை ஆரம்பிச்சது 1929. கவாத்து பண்ணப் பண்ணச் செடி துளிர்த்துக்கிட்டேதான் இருக்கு. அதுக்கு எவன் சப்போர்ட்டை நிறுத்தினான்?

தம்பி: சரி, போட்டே காட்டுறேன்... ஆங், வந்திருச்சு. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுது. மவுசை நகத்துங்க.

கிராணி: நகரலையே! கீபோர்டும் செத்துப்போச்சு. ஒடைச்சிட்டியா?

தம்பி: ஐயோ இல்லைங்கையா. விண்டோஸ் 7 வந்தது 2009-ல. யுஎஸ்பி 3-க்கு டிரைவர் அதுக்குள்ள கிடையாது. முந்தி மதர்போர்டுல பழைய யுஎஸ்பி கன்ட்ரோலரும் சேர்ந்தே இருந்துச்சு, ஓடிச்சு. 2015-ல இன்டெல் ஸ்கைலேக் வந்தப்ப அதைத் தூக்கிட்டாங்க.

கிராணி: அப்ப டிரைவரைப் போடு.

தம்பி: போட மவுசு வேணும்.

கிராணி: மவுசு வேலை செய்ய?

தம்பி: டிரைவர் வேணும்.

கிராணி: இதைக் கண்டுபிடிச்சவரு முன்னாடி எந்த எஸ்டேட்ல மானேஜரா இருந்தாரு?

தம்பி: வட்ட பிளக் கீபோர்டு குத்த ஓட்டை இருந்தா தப்பிச்சிருப்போம், இதுல இல்லை. வேற மெசின்ல உக்காந்து, டிஸ்ம்னு ஒரு கருவி இருக்கு, அதை வெச்சு இன்ஸ்டால் ஃபைலுக்குள்ளயே டிரைவரைத் திணிக்கணும். பூட்.விம், இன்ஸ்டால்.விம் ரெண்டுலயும். பூட்.விம்ல மட்டும் திணிச்சா, எல்லாம் முடிஞ்சு புது டெஸ்க்டாப் வர்றப்ப மவுசு மறுபடி படுத்துக்கும். (இதைச் சொல்லும்போது அந்தத் தொழில்காரர்கள் முகத்தில் வரும் ஆனந்தம் வேறு யாருக்கும் புரியாது.)

கிராணி: அதோட முடிஞ்சுதா?

தம்பி: டிவைஸ் மேனேஜரைத் திறந்தா மஞ்சள் ஆச்சரியக்குறி வரிசையா நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஹார்ட்வேர் ஐடி பாக்கணும். 8086-னு இருந்தா இன்டெல், 10ஈசின்னா ரியல்டெக். அந்த நம்பரை வெச்சுத் தயாரிச்சவன்கிட்டயே டிரைவர் தேடணும். ‘ஒரே கிளிக்ல எல்லா டிரைவரும்’னு கூப்பிடுறவன் பக்கம் போனா விளம்பரம்தான் வந்து குடியேறும். ஆனா ஸ்கிரீனுக்கு எங்க தேடினாலும் கிடைக்காது. இந்த சிப்புக்கு விண்டோஸ் 7 டிரைவரை யாருமே எழுதலை.

கிராணி: எழுத முடியலையா, மனசில்லையா?

தம்பி: மனசில்லை. எழுதுறவனுக்குச் சம்பளம் குடுக்கணும், நம்மகிட்ட காசு வராது. 2017-ல கேபி லேக், ரைசன் சிப் மெசின்ல விண்டோஸ் 7-க்கு அப்டேட்டையே மைக்ரோசாப்ட் பூட்டிட்டாங்க லா. விண்டோஸ் 11 போட்டுக்கங்களேன்?

கிராணி: கொழுந்து நிறுவைக் கணக்கு புரோகிராம் அதுல ஓடாது. எழுதிக் குடுத்த ஆளு ஆஸ்திரேலியாவுல செட்டில். தராசுக்கு ஒம்பது ஊசி பிளக் வேற.

தம்பி: ஒம்பது ஊசிக்கு யுஎஸ்பி கன்வெர்ட்டர் இருக்கு. நல்லதா வாங்குங்க. சிப்பு போலின்னா டிரைவர் மோப்பம் பிடிச்சு, ‘கோட் 10’னு சொல்லி நின்னுரும். கணக்குக்கும் வழி இருக்கு. வெளிய விண்டோஸ் 11, உள்ள வர்ச்சுவல் மெசின்ல விண்டோஸ் 7. அது பழைய காலத்து மதர்போர்டு மாதிரி வேஷம் போட்டுக் காட்டும். விண்டோஸ் 7 தனக்குத் தெரிஞ்ச சாமான்தான்னு நம்பி ஓடும். இன்டர்நெட்டை மட்டும் அதுக்குக் காட்டக் கூடாது.

கிராணி: புதுசை வாங்கி, பழசு மாதிரி நடிக்க வைக்கிறதுக்கு எத்தனை ரிங்கிட்?

தம்பி: அதை அப்புறம் பேசிக்கலாம். பழைய மெசின் ஹார்ட்டிஸ்க்கைக் கழட்டிக் குடுங்க, அப்படியே காப்பி எடுத்து உள்ள வெச்சிர்றேன்.

கிராணி: இப்ப முடியாது தம்பி. நிறுவை நடக்குது.

தம்பி: எதுல?

கிராணி: பழைய மெசின்லதான்.

தம்பி: அது எரிஞ்சுபோச்சுன்னு மானேஜர் ஈமெயில் போட்டிருந்தாரே!

கிராணி: நல்லா ஓடுதுன்னு எழுதினா புதுசுக்கு எவன் கையெழுத்து போடுவான்?