தொடாத ரயிலும் இடிக்கிற சுவரும்

ஆலங்குளத்துக்கு ரயில் கிடையாது. விருதுநகரிலிருந்து தென்காசி போகும் பாதை சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று சுற்றிக்கொண்டு போகிறதே தவிர, ஊருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அரசு சிமெண்ட் ஆலை இருக்கிறது, அதற்குத் தீனி போடும் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஸ்டேஷன் மட்டும் இல்லை. வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் "தென்காசி ஆலங்குளமா, சிமெண்ட் ஆலங்குளமா?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லிப் பழகிய ஊர் இது.

அந்த ஊர்ப் பிளஸ் ஒன் பையன் ஒருவன் அறிவியல் கண்காட்சிக்கு ரயில் செய்யப் போவதாக அறிவித்தான். சாதா ரயில் இல்லை, தண்டவாளத்தைத் தொடாமல் காந்தத்தின் மேல் மிதந்து போகும் ரயில்.

குற்றம் அவனுடையது மட்டும் அல்ல. பிசிக்ஸ் சார் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: எரிமலை கூடாது, காற்றாலை கூடாது, மழைநீர் சேகரிப்பு கூடவே கூடாது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அன்றிலிருந்து கண்காட்சியில் வைக்கிற தெர்மாகோல் வீடுகளுக்கும் அது கட்டாயமாகிவிட்டது. அதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ராக்கெட்டும் மிதக்கும் ரயிலும்தான். ராக்கெட்டுக்குச் சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால், தலைமையாசிரியர் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

பள்ளி, கல்லூரி வேலையாக இந்த ரயிலைக் கையில் எடுப்பது புதிதும் இல்லை. ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் காடர்ட் 1904-ல் அமெரிக்காவின் வொர்செஸ்டரில் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவர். '1950-ல் பயணம்' பற்றி எழுதி வரச் சொன்னார் ஆசிரியர். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் காந்தத்தால் மிதந்து ஓடும் வண்டியை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார் காடர்ட். ஏறக்குறைய அதே கற்பனையைத்தான் ஹைப்பர்லூப் என்ற பெயரில், ரயில்வே அமைச்சகத்தின் உதவியோடு, சென்னை ஐஐடி மாணவர்கள் தையூர் வளாகத்தில் 422 மீட்டர் நீளக் குழாயாக இப்போது போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டுப்பாடத்தை யாராவது ஒருவர் முடித்துத்தானே ஆக வேண்டும்!

பையனிடம் ஐஐடி இல்லை, மாமா இருந்தார். மாமாவுக்கு மைக்செட் தொழில். காயில் போன ஸ்பீக்கர்கள் ஷெட்டின் மூலையில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் கருப்பாக ஒரு வளையக் காந்தம். "எடுத்துக்கோ மாப்ள. ஆனா பங்குனிப் பொங்கலுக்கு முன்னாடி திரும்பி வரணும்" என்றார். காயில் போன ஸ்பீக்கர் பொங்கலுக்கு என்ன பாடப் போகிறது என்று பையன் கேட்கவில்லை. கேட்டால் காந்தம் வராது.

உளியை வைத்துத் தட்டிக் காந்தத்தைப் பிரித்தார்கள். நூலில் கட்டித் தொங்கவிட்டு வடக்கைப் பார்க்கும் முகம் எது என்று கண்டுபிடித்து, அக்காவின் நகப்பூச்சால் பொட்டு வைத்தான். பொட்டும் பொட்டும் எதிரெதிராக வந்தால் தள்ளும். ஒரு வளையத்தைப் பென்சிலில் கோத்து, அதன் மேல் இன்னொன்றைப் போட்டதும் அந்தரத்தில் நின்றது! அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரயில் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் என்று பையன் நினைத்தான்.

பென்சிலை உருவினான். மேலே இருந்த காந்தம் ஒரு பக்கம் சரிந்து, குட்டிக்கரணம் அடித்து, கீழே இருந்ததோடு 'டப்' என்று ஒட்டிக்கொண்டது. எப்படி வைத்தாலும் இதே கதைதான்.

இது பையனின் கைராசி இல்லை, இயற்கையின் சட்டம். 1842-லேயே சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: அசையாத நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும், இன்னொரு நிலைக்காந்தத்தை அவற்றின் தயவில் மட்டும் ஆடாமல் அசையாமல் மிதக்க விட முடியாது. மேலும் கீழும் நிலையாக நின்றால் பக்கவாட்டில் ஓடும். பக்கவாட்டில் நின்றால் மேலேயோ கீழேயோ போகும். யூடியூப் வீடியோக்களில் இந்த எர்ன்ஷா வருவதில்லை. வந்தால் லைக் குறையும்.

ஆகவே ரயிலைத் தூக்குவது பெரிய காரியமே இல்லை, தூக்கியதை நேராக வைத்திருப்பதுதான் காரியம். உலகம் முழுக்க இதற்குத்தான் கோடி கோடியாகக் கொட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹெர்மன் கெம்பர் 1934-ல் காப்புரிமை வாங்கிய வழியில் ரயில் தள்ளப்படுவதே இல்லை, இழுக்கப்படுகிறது. வண்டியின் 'கை' பாதைக்கு அடியில் வளைந்துபோய், அதில் உள்ள மின்காந்தத்தால் பாதையை நோக்கி மேலே இழுபடுகிறது. இடைவெளி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். கொஞ்சம் நெருங்கினால் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும், கொஞ்சம் விலகினால் கூட்ட வேண்டும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்னணுச் சுற்று இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஷாங்காயில் 2004-ல் வணிகச் சேவைக்கு வந்த ரயில் இந்த வகைதான். 30 கி.மீ. பாதை, அப்போது உச்ச வேகம் மணிக்கு 431 கி.மீ. அதை ராஜபாளையத்தில் விட்டால், முழு வேகம் பிடிப்பதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிவிடும். இறங்கிப் பால்கோவா வாங்க வழியில்லாத ரயிலை அந்தப் பக்கத்துச் சனங்கள் ஏற்பார்களா என்பது சந்தேகம்.

எல்லாருக்கும் கைகூடியது என்றும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் விமான நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் இணைத்து, சுமார் 600 மீட்டருக்கு 1984-ல் ஒன்றை ஓடவிட்டார்கள். அடிக்கடி மக்கர் செய்தது, உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. 1995-ல் மூட்டை கட்டிவிட்டார்கள்.

நொடிக்கு ஆயிரம் தடவை பார்த்துக்கொள்ளும் சுற்றுக்கு ஆலங்குளத்தில் வழியில்லை. பையன் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினான். சிவகாசி அச்சகத்தில் கழித்துப்போட்ட வழவழப்பான அட்டை, ஒரு பக்கம் ஏதோ சரவெடியின் லேபிள். ரயில் இப்போது கவிழவில்லை. சுவரில் சாய்ந்து உரசிக்கொண்டு நின்றது. சக்கரம் உரசக் கூடாது என்றுதானே மிதக்க விட்டது என்று பிசிக்ஸ் சார் கேட்டார். நியாயமான கேள்வி.

உராய்வை ஒழிப்பது பெரிய சாதனை என்று நினைக்கிறவர்கள் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்று பார்க்க வேண்டும். ஆண்டாள் தேர் மரச்சக்கரத்தில் போன காலத்தில் நிலை சேர நாள்கணக்கில் ஆகும் என்பார்கள் பெரியவர்கள். இரும்புச் சக்கரம் வந்தது, தேர் சில மணி நேரத்தில் நிலைக்கு வந்தது. ஆனால் கூடவே ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்த வேண்டியிருந்ததைக் கவனிக்க வேண்டும். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் வரும். வீதி முனையில் அத்தனை பெரிய தேரைச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் திருப்புகிறவர்கள் நாலைந்து பேர்தான். தேர்த் திருவிழாவில் உண்மையான இன்ஜினியர்கள் அவர்கள்.

வளையக் காந்தத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இரண்டு வளையத்துக்கு நடுவே விழும் பள்ளம் ஒவ்வொன்றிலும் வண்டி பாசஞ்சர் ரயில் மாதிரி நின்றுவிட்டது. எனவே மாமாவின் காந்தங்கள் போய், ஆன்லைனில் நியோடிமியம் பட்டைக் காந்தங்கள் வந்தன. விரல் நீளம்தான், ஆனால் முரட்டுக் குணம். வடக்கு முகம் மேலே இருக்கும்படி அடுத்தடுத்து ஒட்ட வேண்டும். ஒரே மாதிரி முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கச் சம்மதிக்குமா? பெவிகால் காய்வதற்குள் ஒன்று துள்ளி எழுந்து பக்கத்துக் காந்தத்தின் முதுகில் ஏறிக்கொள்ளும். பிரிக்கப் போனால் நடுவில் சதை மாட்டும். டேப் சுற்றி, மேலே செங்கல் வைத்து, ஒவ்வொன்றாகக் காய விட்டார்கள். ராஜபாளையத்துப் பக்கத்தில் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். அந்த வாரம் அதன் வியாபாரத்தில் இந்த ரயிலுக்கும் பங்கு உண்டு.

இஞ்சின் கிடையாது. பாதையின் ஒரு முனையில் கெமிஸ்ட்ரி கைடை வைத்துச் சரிவு கொடுத்ததும் ரயில் வழுக்கிக்கொண்டு போனது. இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மிதக்கும் ரயிலுக்கு முன்னோடிகளான ஜேம்ஸ் பவல், கார்டன் டான்பி இருவரும் வேலை பார்த்த அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே ரயிலுக்கான போட்டி நடத்துகிறது. அங்கேயும் சரிவில் விட்டு ஓட்டுவது ஒரு பிரிவு, பலூன் காற்றில் ஓட்டுவது இன்னொரு பிரிவு.

கண்காட்சிக்கு முதல் நாள்தான் வினை வந்தது. சரவெடி லேபிள் அசிங்கமாக இருக்கிறது என்று அட்டைச் சுவரைப் பிய்த்துவிட்டு, பளபளவென்று அலுமினிய ஆங்கிளைப் பொருத்தினான். பக்கச் சுவரில் உரசாமல் இருக்க வண்டிக்கு இரண்டு பக்கமும் சின்னக் காந்தங்கள் வேறு. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஒட்டவும் இல்லை. ஆனால் ரயில் சரிவில் மெல்ல மெல்ல, தேன் வழிகிற வேகத்தில் இறங்கியது. சுவரைத் தொடவே இல்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பது போல இருந்தது. பையன் அழாத குறை. பிசிக்ஸ் சாரோ துள்ளிக் குதித்தார்.

காந்தம் நகர்ந்தால் பக்கத்தில் உள்ள உலோகத்தில் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த நகர்வையே எதிர்க்கும். 1834-ல் லென்ஸ் சொன்னது, பிளஸ் டூ பாடத்தில் வருவது. வகுப்பில் கேட்டால் ஒப்பிப்பார்கள், கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பவலும் டான்பியும் 1960-களில் பிடித்ததும் இந்த நூலின் இன்னொரு முனையைத்தான். வேகமாகப் போகும் காந்தம், பாதையில் உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும். அது வண்டியைத் தூக்கும், நடுவிலும் நிறுத்தும். எர்ன்ஷாவின் சட்டம் அசையாத காந்தத்துக்குத்தானே? ஓடுகிற காந்தத்திடம் அது செல்லாது. ஜப்பானின் மிதக்கும் ரயில் இரண்டு சுவர்களுக்கு நடுவில்தான் ஓடுகிறது, தூக்குகிற சுருள்கள் அந்தச் சுவர்களில்தான் இருக்கின்றன. மின்தடையே இல்லாமல் இருக்க அதன் காந்தங்களைத் திரவ ஹீலியத்தில் -269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கிறார்கள். 2015 ஏப்ரல் 21-ல் அது மணிக்கு 603 கி.மீ. தொட்டது. அதுவும் புறப்பட்ட உடனே மிதக்காது. மணிக்கு 150 கி.மீ. வரும் வரை ரப்பர் டயரில் உருண்டுதான் ஆக வேண்டும். வேகம் குறைவாக இருக்கும்போது தூக்கு விசை போதாது, இழுவைதான் மிஞ்சும். ஆலங்குளத்து ரயில் மாட்டியதும் அங்கேதான்.

"தப்பா ஒண்ணும் செய்யலடா, வேகம்தான் கொஞ்சம் பத்தல" என்றார் சார். கொஞ்சம் என்றால் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

இரவோடு இரவாகப் போர்டில் இருந்த 'மிதக்கும் ரயில்' என்பதன் கீழே ஸ்கெட்ச் பேனாவால் 'காந்தப் பிரேக்குடன்' என்று சேர்த்தார்கள்.

மறுநாள் நடுவர் கேட்டார்: "என்னப்பா, நடந்து போறவனே முந்திருவான் போல?"

"சார், அது பிரேக் போட்டுக்கிட்டே வருது."

"திரும்பி மேல வருமா?"

"வரும் சார். கைடை அந்தப் பக்கம் வைக்கணும்."

கூட வந்த இன்னொரு நடுவர், ஒரு டீச்சர், ஒன்றும் கேட்கவில்லை. ரயிலை மேலே வைத்து விட்டார், கீழே வந்ததும் எடுத்து மறுபடி வைத்தார். வரிசையில் நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முணுமுணுக்கும் வரை விடவில்லை. பரிசு இரண்டாவது. முதல் பரிசு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தெர்மாகோல் வீட்டில் மோட்டார் வைத்து மழையே பெய்ய வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் மாமா தன் குட்டியானையோடு வந்தார், காந்தங்களை வாங்கிப் போக. ரயிலை ஓட்டிக் காட்டியதும் குனிந்து பார்த்தார்.

"தொடாமலே பிடிக்குதேடா! நம்ம வண்டிக்குப் போட முடியுமா?"

"ஓடும்போதுதான் மாமா பிடிக்கும். வேகம் குறையக் குறையப் பிடியும் குறைஞ்சிரும். மேட்டுல நிறுத்துனா பின்னால உருண்டுரும்."

"அப்ப வேண்டாம் மாப்ள" என்றார் மாமா. "இப்ப இருக்கிற பிரேக்கே அப்படித்தான் இருக்கு."