டப்பா தூக்குவோர்: கோடைக்காலத் தூண்டில் பிடியில் கடைநிலை ஊழியம் பற்றிய ஓர் ஆய்வு

மீன் பிடித்தவர்களைப் பற்றித் தமிழில் எழுத்துக்குக் குறைவில்லை. வலைக்கும் தோணிக்கும் காற்றுக்கும்கூட ஆள் இருக்கிறது. மீன் பிடிக்கப் போனவர்களுக்குப் பத்தடி பின்னால், வெறுங்காலோடு, புழு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தவனைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்தக் கட்டுரை. ஆய்வாளர் அந்தப் பதவியில் 1986 முதல் 1989 வரை நான்கு கோடைகள் பணியாற்றியவர். எனவே அவருடைய நடுநிலைமை குறித்துச் சிலர் ஐயம் எழுப்பலாம். எழுப்பட்டும். அவர்கள் யாரும் டப்பா தூக்கியதில்லை.

ஆய்வுக் களம் தரங்கம்பாடிக்கு மேற்கே, சைக்கிள் மிதித்தால் அரைமணி நேரத் தொலைவில் இருந்த அம்மாச்சி வீடு. காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது வழக்கம். வழக்கம்தான், வாக்குறுதி அல்ல. ஆக, முழுப்பரீட்சை லீவுக்கும் காவிரிக்கும் ஜென்மப் பகை. நாங்கள் போய் இறங்கும்போது ஆறு மணலாகக் கிடக்கும், வாய்க்கால் புழுதியாகக் கிடக்கும். தண்ணீர் என்று ஒன்று இருந்தது கொல்லைக்குப் பின்னால் இருந்த குளத்தில் மட்டும். கத்திரி வெயிலில் அதுவும் இடுப்பளவுக்கு இறங்கிவிடும். கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, பனையேறி என்று எல்லாம் கடைசி பஸ்ஸில் ஏறிய கூட்டம் மாதிரி அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். சிலேபியும் உண்டு. அது 1952இல் இந்தியாவுக்குள் வந்த வெளியூர் மீன். பெரிய மாமா பிறந்ததும் அதே 1952இல்தான். குளம் தங்கள் சொத்து என்று நினைத்ததிலும் இருவருக்கும் வித்தியாசம் கிடையாது.

மருத நிலத்துக்கு விடியலைப் பொழுதாகவும் ஊடலை உரிப்பொருளாகவும் வகுத்தவர்கள் எங்கள் அம்மாச்சி வீட்டுக் கொல்லையைப் பார்த்துவிட்டுத்தான் வகுத்திருக்க வேண்டும். நாங்கள் கிளம்புவது விடியலில். ஊடல் அதற்கும் முன்னாலேயே, பல் தேய்க்கும் இடத்தில் தொடங்கிவிடும். நரம்பைச் சிக்கலாக்கியது யார், முள்ளை ஒடித்தது யார், நேற்று கழியை வெயிலில் போட்டது யார் என்று பெரிய மாமாவும் சின்ன மாமாவும் பேசிக்கொள்வார்கள். கழி இரண்டு, அவை மாமாக்கள் இருவருக்கும். பெரியம்மா மகனான அண்ணனுக்குத் தக்கையைக் கவனிக்கும் வேலை. தக்கை என்றால் தேய்ந்த ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய நீல ரப்பர் துண்டு. அக்காவுக்கு, பிடித்த மீனை அன்னக்கூடையில் போட்டுத் தட்டால் மூடிக் காவல் காக்கும் வேலை. எனக்கு டப்பா.

டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது டால்டா டப்பா. மஞ்சள் நிறம், அதன்மேல் பச்சையில் ஒரு மரம். அந்த மரம் தென்னையா பனையா என்பதில் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. தென்னைக் கட்சிக்குத் தலைவர் சின்ன மாமா. பனைக் கட்சியில் தாத்தா மட்டும். டப்பாவின் வாய்க்குக் கீழே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுக் கம்பி கோத்திருந்தார்கள். கம்பி விரலை அறுக்கும் என்று அதில் கிழிந்த வேட்டிக்கரையைச் சுற்றியிருந்தார் அம்மாச்சி. மூடி கிடையாது. மூடி 1986ஆம் ஆண்டுக் கோடையிலேயே காணாமல் போய்விட்டது. அது தனி ஆய்வுக்குரியது.

இனி பணியின் தன்மை. பாடப்புத்தகத்தில் மண்புழு, எங்கள் கொல்லையில் நாக்குப்பூச்சி. மே மாதத்தில் அது சுலபத்தில் அகப்படாது. மேல்மண் காயக் காய அது ஆழத்துக்குப் போய்விடும். ஈரம் மிச்சமிருக்கிற இடங்கள் இரண்டுதான்: பாத்திரம் விளக்குகிற இடத்தில் தண்ணீர் ஓடுகிற சிறு கால், வாழைக்கட்டையின் அடி. முதலாவதில் கிடைப்பது மெலிந்து சிவந்த ரகம். அதில் சாம்பல் வாடை அடிப்பதால் மீன் தொடாது என்பது பெரிய மாமாவின் துணிபு. இரண்டாவதில் கிடைப்பது தடித்த ரகம். ஆனால் அங்கே கொத்து விழுந்தால் அம்மாச்சிக்கு எப்படியோ தெரிந்துவிடும். "ஏண்டா தம்பி, வாழைய சாச்சுட்டுதான் ஊருக்குப் போவியா?" என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். எனவே தடித்த ரகத்தைத் தோண்டும் வேலை, அம்மாச்சி கோலம் போட வாசலுக்குப் போயிருக்கும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். இந்த நெருக்கடி கழி பிடித்தவர்களின் அனுபவத்தில் வரவே வராது.

தோண்டியதோடு விட்டார்களா? புழு வெயில் தாங்காது. டப்பாவில் பாதிக்கு ஈரமண், மேலே ஒரு வாழைச்சருகு, அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர். தண்ணீர் கூடினால் புழு வெளுத்துச் செத்துவிடும், குறைந்தால் சுருண்டுவிடும். மூடி இல்லாத காரணத்தால், சூரியனுக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஆய்வாளர் நிற்க வேண்டியிருந்தது. சூரியன் நகர நகர அவரும் நகர்ந்தார். ஒன்பது மணிக்குக் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஆகவே நான்கு கோடைகளில் அவர் நேரில் பார்த்த மீன்களைவிட, "ஆகா" என்ற சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த மீன்களே அதிகம்.

பெரிய மாமா புழு கேட்க மாட்டார். கண் தக்கையில் இருக்கும், இடது கை மட்டும் பின்னால் நீளும். அந்த உள்ளங்கையை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும்: நடுவில் கழி தேய்த்த காய்ப்பு, சுண்டுவிரல் ஓரத்தில் பழைய கெளுத்தி முள் குத்திய கறுப்புப் புள்ளி. அதில் புழுவை வைக்க வேண்டும். கெளுத்திக்கு முழுசு, கெண்டைக்குப் பாதி. எந்த மீனுக்காக அவர் அப்போது உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவருடைய முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கொடுத்தால் கை அப்படியே நீண்டிருக்கும்.

கரையில் பேசக் கூடாது என்பது இன்னொரு சட்டம். "பேசாத, மீன் ஓடிடும்." இதைத்தான் ஆய்வாளர் முதன்முதலாக மறுக்கிறார். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காது நன்றாகக் கேட்கும், உண்மை. அவற்றின் வயிற்றுக் காற்றுப்பையிலிருந்து உள்காதுவரை சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. ஆனால் கரையில் நாம் பேசுகிற பேச்சில் மிகச் சிறு பங்குதான் தண்ணீருக்குள் இறங்கும். மிச்சம் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மண்ணில் வைக்கிற கால்தான் நேராக உள்ளே போய்ச் சேரும். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து, வேட்டியை உதறி, கரையில் தொம் தொம்மென்று நடந்து வெற்றிலை துப்பிவிட்டு வந்தவர் யார் என்பதை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. அவர் 1952இல் பிறந்தவர்.

புழுவும் இந்த விஷயத்தில் மீனை ஒத்ததுதான். டார்வின் 1881இல் மண்புழுவுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அந்த ஆராய்ச்சியில் வீடே இறங்கியிருந்தது. புழுக்களுக்குப் பக்கத்தில் விசில் ஊதினார்கள், பஸூன் என்ற பெரிய ஊதுகுழலை முழக்கினார்கள். புழு அசையவில்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோமேல் வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் வளைக்குள் ஓடிவிட்டது. காது கிடையாது, அதிர்வு தெரியும். இங்கிலாந்திலும் புழுத் தொட்டியைப் பியானோவுக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் இருந்திருப்பான் அல்லவா? அவன் வீட்டுக் கடைக்குட்டியாகத்தான் இருந்திருப்பான் என்பது ஆய்வாளரின் ஊகம்.

இப்போது மையமான நிகழ்வுக்கு வருவோம். 1988, மே மாதம், வானம் மூடியிருந்த ஒரு காலை. வெயில் இல்லாததால் நிழலாக நிற்கும் வேலையிலிருந்து ஆய்வாளருக்கு விடுதலை. பதவியேற்ற பிறகு முதன்முறையாகக் குளத்தைப் பார்த்து நின்றார். பார்த்த ஆர்வத்தில் படித்துறையின் கடைசிப் படிக்குப் போனார். பாசி. ஆய்வாளர் உட்கார்ந்துவிட்டார், டப்பா உட்காரவில்லை. வாழைச்சருகு, மண், அம்மாச்சிக்குத் தெரியாமல் தோண்டிய தடித்த ரகம் நாற்பது, எல்லாம் தண்ணீரில். பெரிய மாமா திரும்பிப் பார்த்தார். நான்கு கோடைகளில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்போது அவர் சொன்னதை ஆய்வேட்டில் அச்சிட முடியாது.

வெற்றிலை ஒன்று போட்டு முடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. படித்துறை ஓரம் பொடிக்கெண்டை கூட்டம் கூட்டமாக வந்து மொய்த்தது. அதன் பின்னால் தண்ணீர் ஒரு இடத்தில் கனமாகப் புரண்டது. நீல ரப்பர் ஆடவில்லை, சாயவில்லை, நேரே உள்ளே போய்விட்டது. விரால். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். புழுவுக்காகப் பொடிக்கெண்டை, பொடிக்கெண்டைக்காக விரால். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி யார் என்று வாசகர்களே முடிவு செய்யலாம்.

ஆனால் சாட்சியங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. இக்கட்டுரைக்காக நால்வரிடமும் தொலைபேசியில் கேட்டபோது, கழி தன்னுடையது, விராலும் தன்னுடையது என்றார் பெரிய மாமா. கழி அவருடையதுதான், அவர் வெற்றிலை துப்பப் போயிருந்ததால் வெட்டி இழுத்தது தான் என்றார் சின்ன மாமா. 'உள்ள போயிட்டு, இழுங்க' என்று கத்தியிராவிட்டால் இருவருக்கும் தெரிந்தே இருக்காது என்றான் அண்ணன். கரைக்கு வந்த விரால் துள்ளி மறுபடி தண்ணீருக்குப் போக இருந்ததாகவும், தான் பாவாடையோடு அதன்மேல் விழுந்து பிடித்ததாகவும் அக்கா சொன்னாள். பாவாடை கிழிந்ததற்கு அம்மா கொடுத்த அடியை அவள் ஆதாரமாகக் காட்டுகிறாள். நால்வரும் உண்மையே சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். டப்பாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

பங்கீடு பற்றிச் சுருக்கமாக: அம்மாச்சி விராலைச் சாம்பல் போட்டுக் கல்லில் உரசி, கழுவி, மண்சட்டியில் குழம்பு வைத்தார். தலை தாத்தாவுக்கு. நடுத்துண்டுகள் கழிக்கு. ஆய்வாளருக்கு வால்.

அன்று அன்னக்கூடையில் விராலைத் தவிர நாலைந்து பனையேறிக் கெண்டையும் இருந்தன. மறுநாளைக்கு ஆகட்டும் என்று தண்ணீர் ஊற்றித் தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். பனையேறிக்கு அந்தப் பெயர் ஏன் என்று கேட்டால், அது பனைமரம் ஏறும் என்பார் தாத்தா. மாமாக்கள் சிரிப்பார்கள். ஆனால் தாத்தாவுக்கு ஒரு சாட்சி இருந்தது, அவருக்கே தெரியாமல். தரங்கம்பாடி 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். 1791இல் அங்கே டால்டார்ஃப் என்ற லெப்டினென்ட், குளத்தோரப் பனை ஒன்றில் தண்ணீர் மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சாகியும் இருக்கிறது. காக்கையோ பருந்தோ தூக்கிப்போய் மரத்தில் போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எல்லா ஊரிலும் மாமாக்கள் உண்டு. மரம் ஏறுகிறதோ இல்லையோ, தரையில் நடக்கும், அதில் சந்தேகமில்லை. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருப்பதால் காற்றையே சுவாசிக்கும். செவுள் மூடியின் முள்ளைத் தரையில் ஊன்றி வாலால் உந்திக்கொண்டு போகும். மழை பெய்தால் குளத்தை விட்டே கிளம்பிவிடும்.

அன்று இரவு கோடை மழை பெய்தது. ஓட்டில் சடசடவென்று இறங்கி, தாழ்வாரம் முழுக்கச் சாரல். விடியலில் வாசல் தெளிக்க எழுந்த அம்மாச்சி "அய்யோ" என்று காலைத் தூக்கினார். அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் அன்னக்கூடையின் தட்டு ஒருபக்கம் சரிந்து கிடந்தது. ஈரத்தரையில் செதில் பளபளக்க ஒரு கோடு. கோடு குதிர் ஓரமாகப் போய், உரலைச் சுற்றி, சுவரோரம் முடிந்தது. அங்கே புழு டப்பா சாய்ந்து கிடந்தது. அந்தப் பச்சை மரத்தில் மூக்கை முட்டியபடி, செவுளை விரித்து மூடி விரித்து மூடி, ஒரு பனையேறி.

தாத்தா குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திண்ணைக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து, "பனைதான்" என்றார். தென்னைக் கட்சி அன்றோடு கலைந்தது.

ஆய்வின் கடைசிக் கட்டமாக, டப்பாவின் இன்றைய நிலை அறியச் சின்ன மாமாவை மறுபடி அழைத்தேன். டப்பா இருக்கிறதாம், மோட்டார் கொட்டகையில். மரம் அழிந்துவிட்டது, கம்பியில் வேட்டிக்கரை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். ஆணியும் திருகாணியும் போட்டு வைத்திருக்கிறார்கள். திறந்தே கிடப்பதால் எல்லாம் துருப்பிடித்துப் போகிறது என்று அலுத்துக்கொண்டார். டப்பா தூக்கியவனின் பங்களிப்பு பற்றி அவர் கருத்து என்ன என்று கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா," என்றார் மாமா. "அந்த மூடிய எங்க போட்ட?"