பத்து சென்ட் லால்பாக்

ஓசூரில் "ஞாயிறு காலை 6 மணிக்குப் பூங்காச் சேவை" என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தால், ஏழரைக்கு ஆள் சேரும். டைட்டன் கைக்கடிகாரம் செய்கிற ஊர்தான். நேரத்தை எல்லாம் வெளியூருக்கு அனுப்பிவிடுகிறோம். ரோஜாவும் அப்படியே. காதலர் தினத்துக்கு விமானம் ஏறிக் கடல் கடக்கும். தெருமுனைப் பூங்காவில் ஊன்ற ஒரு பதியன் கிடைக்காது.

சேவைக் குழுத் தலைவருக்கோ கனவு பெரிது. "பக்கத்துல பெங்களூர்ல லால்பாக் இருக்கு. நம்ம பூங்கா என்ன சளைச்சதா?" லால்பாக் 240 ஏக்கர், நம்முடையது, பழுதான ஊஞ்சலையும் சேர்த்து, பத்து சென்ட். 1760இல் ஹைதர் அலி லால்பாக்கைத் தொடங்கியபோது செயற்குழு, துணைக்குழு, தேநீர்க்குழு அமைத்ததாகத் தகவல் இல்லை.

சுவரில் மயில் வரைந்தாயிற்று. பெஞ்சில் உட்காரும் இடம் போக மிச்சமெல்லாம் நன்கொடையாளர் பெயர். "எச்சில் துப்பாதீர்" என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பலகை. மூன்று மொழிக்காரரும் பேதமின்றி அதன்மேலேயே துப்புகிறார்கள். எல்லையோர ஒருமைப்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிறகு மரம் நடுவிழா. ஒரு கன்று, பதினோரு கை, நாற்பது செல்பி. ஊர் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டதால் வேலையும் பிரிந்துவிட்டது: படம் எடுப்பது குடிமக்கள் கடமை, தண்ணீர் ஊற்றுவது மாநகராட்சி கடமை. "கன்று வாடுதே, நாமே ஒரு குடம் ஊத்தலாமா அண்ணா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். எதிர்மறைச் சிந்தனைக்காக நீக்கப்பட்டார்.