ஏரிக்கரைக்கு மாற்றலாகி வருவோர் கவனத்திற்கு

நாற்கவிராச நம்பி இயற்றிய நம்பியகப்பொருள், முல்லை நிலத்திற்குக் கார்காலத்தையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் அளந்து கொடுத்துவிட்டு, கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு வரும்போது கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளையும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுகிறது. நூலைப் படிப்பவர்களுக்கு இது நெய்தல் மக்களுக்குக் கிடைத்த சலுகையாகத் தோன்றலாம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் பணி நிமித்தமாக வந்து ஓராண்டைக் கழித்தவர்களோ, இலக்கண ஆசிரியர் மனம் வெறுத்துப் போய்க் கையில் இருந்ததையெல்லாம் இங்கேயே கொட்டிவிட்டார் என்ற முடிவுக்கே வருவர்.

திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காடு, ஒடிசாவின் சில்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியின் தென்கோடியில் அமைந்த ஊராகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திற்குச் சொந்தம். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு கிடக்கிறது. இங்கு வந்து சேரும் புதியவர்களில் பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், வேறு குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண், மீனவர் வாழ்வை ஆராய நோட்டுப் புத்தகத்தோடு வரும் மாணவர், பறவையைப் படமெடுக்க மீனவர் வாழ்வையே மறைத்துக்கொண்டு நிற்பவர் எனப் பல வகையினர் உண்டு. இவர்களுள் அரசுப் பணியாளர் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வருகின்றனர். மாற்றல் கலந்தாய்வு கோடை விடுமுறையில் நடப்பதும் பள்ளிகள் ஜூனில் திறப்பதும் இதற்குக் காரணங்களாகும். ஏரியைக் கலந்தாலோசித்திருந்தால் அது இந்த மாதத்தைப் பரிந்துரைத்திருக்காது.

ஜூனில் வந்திறங்கும் புதியவர் முதலில் தேடுவது ஏரியை. ஏரியின் பரப்பு உயர் ஓதத்தின்போது ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் என்றும் தாழ் ஓதத்தின்போது ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் என்றும் நூல்கள் குறிக்கின்றன. ஒரே பெயரில் இரண்டு ஏரிகளைப் பராமரிக்கும் இந்த ஏற்பாட்டில், அவர் வரும் நேரத்தில் காட்சிக்கு இருப்பது பெரும்பாலும் சிறியதே. பல இடங்களில் இடுப்பளவைத் தாண்டாத நீர், அதற்கு முன்னால் வெயிலில் வெடித்துக் கிடக்கும் சேறு, அந்தச் சேற்றின் மணம், நிலத்தின் பக்கமிருந்து அனலாக அடிக்கும் கச்சான் காற்று ஆகியவை ஒன்று கூடி அவரை வரவேற்கின்றன. குடை விரிப்பது பயனற்றது என்பதை முதல் நாளிலும், இரும்பு பீரோ வாங்கியது பயனற்றது என்பதை முதல் ஆண்டிலும் அவர் உணர்கிறார். உப்புக் காற்றுக்குப் பருவம் என்று எதுவும் இல்லாததால், துருப் பிடிக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடைபெறுகிறது.

இந்தக் கட்டத்தில் அவர் கற்க வேண்டிய முதற்சொல் முகத்துவாரம். ஏரி நீரும் கடல் நீரும் கலக்கும் வாயிலுக்கு இப்பெயர். ஆறுகளின் வரத்து நின்றுபோன கோடையில், கரையோரமாக நகரும் மணலைக் கடல் கொண்டுவந்து அந்த வாயிலில் சேர்த்துவிட, முகத்துவாரம் குறுகி, சில ஆண்டுகளில் முழுவதுமாக அடைபட்டும் போகிறது. அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வர இயலாது. உள்ளிருக்கும் நீர் வெயிலில் வற்றி, அதன் உப்பு கடல்நீரின் உப்பையே மிஞ்சிவிடும். கடலுக்குப் போக வேண்டிய படகுகளும் மணல் மேட்டின் முன் நின்றுவிடும். அதனால் குப்பத்தில் ஒருவரைச் சந்திக்கும்போது வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேச்சைத் தொடங்குவது வெளியூர்ப் பழக்கம் என்றே கொள்ளப்படும். “மொகத்துவாரம் தெறந்திருக்குதா?” என்று கேட்பவரே ஓரளவு ஊருக்கு உரியவராகிறார். “அடைச்சிக்கிச்சி சார்” என்று விடை வந்தால், அந்த வாரம் கடன் தவணையைப் பற்றி வங்கி ஊழியர் வாய் திறக்காமல் இருப்பது நாகரிகம். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது இக்கரையின் நெடுநாள் கோரிக்கை. தூர்வாருவதும், வாரிய இடத்தைக் கடல் மறுபடி தூர்ப்பதும் பல ஆண்டுகளாக ஒன்றையொன்று ஊக்குவித்து வந்திருக்கின்றன.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்ட, கோடையில் கடலைவிட உப்பாக இருந்த ஏரி, சில வாரங்களில் பல இடங்களில் ஏறக்குறைய நன்னீராக மாறிவிடுகிறது. ஜூனில் ஏரியைக் காணாமல் தவித்தவர் நவம்பரில் அது வாசற்படிக்கே வந்து விசாரிப்பதைக் காண்கிறார். வடக்கிலிருந்து வீசும் வாடைக் காற்று இப்போது பொறுப்பேற்கிறது. இக்காலத்தில் புதியவருக்கு மிகவும் தேவைப்படும் கல்வி, எண்ணூர், காட்டுப்பள்ளி போன்ற துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றியது. ஒன்று முதல் பதினொன்று வரை எண் கொண்ட இக்கூண்டுகளில், முதல் இரண்டும் தொலைவில் உள்ள புயற்சின்னத்தைக் குறிப்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்திற்கே உரிய எச்சரிக்கைகள். ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பத்தைவிடப் பதினொன்று எவ்வளவு கொடியதோ என்று அஞ்சும் புதியவர், அது வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதை மட்டும் அறிவிக்கும் கூண்டு என்று அறிந்து சற்றே ஏமாற்றம் அடைகிறார். செல்பேசிக் கோபுரம் சாய்ந்த இரவில் குப்பத்தின் ஒவ்வொரு வீட்டிற்கும் இந்தப் பதினோராம் எண் பொருந்தும் என்றாலும், அங்கு யாரும் அதை ஏற்றி வைப்பதில்லை. ஒன்றாம் கூண்டுக்கே பெட்டியைக் கட்டும் புதியவரும், எந்தக் கூண்டானாலும் படகை மட்டும் மேட்டில் ஏற்றிவிட்டு வலை பின்னும் பெரியவரும் ஒருவரையொருவர் வியந்து பார்ப்பது இப்பருவத்தின் வழக்கமான காட்சி.

முன்தயாரிப்பின்றி இங்கு வந்தவர்களின் வரலாற்றில் டச்சுக்காரர்களுக்கே முதலிடம் தர வேண்டும். குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்துபோகும் வடநாட்டு நகரங்களிலிருந்து புறப்பட்டு வந்த அவர்களின் கிழக்கிந்திய நிறுவனம், 1613-இல் இங்கு ஒரு கோட்டையை எழுப்பி, அப்போதைய தலைமை அதிகாரி வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைவுகூர்ந்து அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டது. ஊரின் பெயரைக் கொண்டுவந்துவிட்டால் ஊரின் தட்பவெப்பமும் உடன் வரும் என்று அவர்கள் நம்பியதாகக் கொள்வதற்குச் சான்று இல்லை. எனினும் நடந்துகொண்ட முறை அப்படித்தான் இருந்தது. கரையில் ஆழம் இல்லாததால் கப்பல்கள் கடலிலேயே நின்றன; துணிப் பொதிகளைச் சிறு படகுகளில் ஏற்றி அலைகளைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. வெடிமருந்து ஆலை ஒன்றையும் இந்த வெயிலிலேயே அவர்கள் நடத்தினர். சோழமண்டலக் கரையில் நிறுவனத்தின் தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்பட்டது. மாற்றல் கேட்டு விண்ணப்பிக்கும் இன்றைய பணியாளர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்டலாம். மாற்றல் கிடைக்காதவர்களின் கல்லறைகள், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் நுழைவாயிலுக்கு உள்ளே இன்றும் உள்ளன.

இயற்கை வகுத்த ஆறு பொழுதுகள் போதாதென்று அரசு வகுத்த பருவங்களும் இக்கரைக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அவற்றுள் ஒன்று. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விசைப்படகுகளைக் கடலுக்குள் விடாமல் நிறுத்தி வைக்கும் காலம் இது. சிறு படகுகளுக்குத் தடை இல்லை என்பதை அறியாத புதியவர் இரண்டு மாதம் கத்தரிக்காய் உண்கிறார். அறிந்தவரோ, காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஏறிப்போன விலையைக் கேட்டுவிட்டு, அறிந்தே கத்தரிக்காய் உண்கிறார்.

மற்றொன்று ராக்கெட் பருவம். இதற்கு மாதம் கிடையாது. ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது முதல், ஏவுதல் நாள்களில் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு குப்பங்களுக்கு வருவது வழக்கமாயிற்று. ஏவுதல் தள்ளிப்போனால் உலகம் அதைத் தொழில்நுட்பக் காரணம் என்கிறது. குப்பம் அதை இன்னொரு நாள் கூலி என்கிறது. விண்ணில் எரிந்து செல்லும் ராக்கெட்டைக் கண்டு புதியவர் கைதட்டும்போது, அருகில் நிற்கும் மீனவர் அன்றைய பாட்டைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பாடு என்பது இங்கே ஒரு முறைக்குப் பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய குறிப்பிட்ட இடங்களில் சுத்துவலை கட்டி இறால் பிடிக்கும் உரிமையை, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் தங்களுக்குள் முறை வைத்துச் சுழற்றிக்கொள்கின்றனர். உரிமை பெற்ற ஆணைத் தலைக்கட்டு என்பர். எந்த இடம் எந்த நாளில் எவருக்கு என்பது எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்க, எழுதி ஒட்டிய பள்ளிக் கால அட்டவணையைத் தலைமையாசிரியரால்கூட நினைவில் வைக்க இயலாததைப் புதிய ஆசிரியர் ஒப்பிட்டுப் பார்த்து மலைப்பதுண்டு. ஆனால் இம்முறைக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு என்பதை மலைப்பில் மறந்துவிடலாகாது. சேற்றில் கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கும் இருளருக்கு இதில் பங்கு இல்லை. ஏவுதளத்திற்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இடம்பெயர்ந்து இக்கரைக்கு வந்தவர்கள், இரண்டு தலைமுறை கடந்த பின்னும் பாட்டின் கணக்கில் புதியவர்களே. அவர்களை எந்தப் பருவத்திற்கும் யாரும் தயார் செய்து அனுப்பவில்லை.

எல்லாத் தயாரிப்போடும் வருபவை பூநாரைகள் மட்டுமே. மழை தொடங்கிய பின், ஆழமற்ற நீரும் அதில் தலைகீழாக அலகை வைத்து அரித்துண்ணச் சிற்றுயிர்களும் உறுதியான பின்னரே அவை கூட்டமாக வந்து இறங்குகின்றன. கோடை நெருங்கும்போது எவரிடமும் விண்ணப்பிக்காமல் பெரும்பாலானவை கிளம்பிவிடுகின்றன. இந்தியாவில் இவை பெருந்திரளாகக் கூடு கட்டும் கட்ச் பாலைநிலப் பகுதிக்கு ‘ஃபிளமிங்கோ சிட்டி’ என்றே பெயர். நகரத்தில் குடும்பத்தை வைத்துவிட்டுப் பருவத்திற்கு மட்டும் வெளியூர் செல்வதில் உள்ள நன்மையை இவை நெடுங்காலத்திற்கு முன்பே கண்டுகொண்டன. இவற்றைக் காண ஜனவரியில் வரும் நகரத்தார், படகுச் சவாரி கேட்டுக் குப்பத்தாரை நச்சரிக்காதிருக்க வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் இறந்த பின் அச்சவாரி தடை செய்யப்பட்டிருப்பதற்குக் காரணம் விளையாட்டன்று.

ஆகவே மாற்றல் ஆணை வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பழவேற்காட்டிற்கு ஆள் அனுப்புவதானால் ஜனவரியில் அனுப்புக. ஏரியில் நீர் இருக்கும், வாடை தணிந்திருக்கும், முகத்துவாரம் பெரும்பாலும் திறந்திருக்கும், மடவையும் இறாலும் நண்டும் கிடைக்கும். ஜூன் வருவதற்குள் அவருக்கு ஊரில் நான்கு பேரைத் தெரிந்திருக்கும்.