அதுங்களுக்கும் ஓர் அரசிதழ்

நெல்லின் பெயரை எங்கள் பக்கம் யாரும் தப்பாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஆடுதுறை 43-ஐ ஆடுதுறை 45 என்று சொல்லிப் பாருங்கள், வரப்பில் நிறுத்தி வைத்துத் திருத்துவார்கள். கொள்முதல் நிலையத்தில் சன்னரகம் எது, பொதுரகம் எது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் எத்தனை புள்ளி என்று பொழுது சாயும்வரை மல்லுக்கட்டுவார்கள். இப்பேர்ப்பட்ட நீடாமங்கலத்தில் ஆணை நேசிக்கிற ஆணுக்கும், பெண்ணை நேசிக்கிற பெண்ணுக்கும், இரண்டு பேரையும் நேசிக்கக்கூடியவருக்கும், திருநங்கைக்கும், திருநம்பிக்கும் ஒரே சாக்கு, ஒரே முத்திரை: "அதுங்க."

மாட்டுத் தரகரை "வாங்கண்ணே" என்று கூப்பிடுகிற ஊர் இது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கூட இங்கே "சார்"தான். ஒரு மனிதரை உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறக்குவதற்குத் தொல்காப்பியரே கொஞ்சம் யோசித்திருப்பார். ரயில்வே கேட் சாத்தியிருக்கிற நேரத்தில் டீக்கடை பெஞ்ச் அந்தக் காரியத்தை முடித்துவிட்டு வடைக்குச் சட்னி கேட்கும்.

பெஞ்ச் படித்த பெஞ்சாக இருந்தால் இங்கிலீஷில் இறக்கும். "ஹோமோ" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், கெட்ட வார்த்தைக்கு இங்கிலீஷ் சட்டை போட்டால் அது பொது அறிவு ஆகிவிடும் என்கிற தெம்பில். 2006-இல் வந்த வேட்டையாடு விளையாடு படத்தில் கதாநாயகப் போலீஸ்காரர் வில்லன்களை மட்டம்தட்ட எடுத்த ஆயுதமும் அந்த ஜாதிதான், தியேட்டர் விசிலடித்தது. அந்த வார்த்தையின் முழு வடிவம் 1869-இல் ஜெர்மன் மொழித் துண்டுப் பிரசுரம் ஒன்றில் அச்சேறியது. எழுதிய கெர்ட்பெனி, இப்படிப்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பிய பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்தவர். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். டாக்டர்கள் அதை வாங்கி நோய்ப் பட்டியலில் செருகிக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் அங்கிருந்து உருவி எடுப்பதற்கு 1990 மே 17 வரை ஆனது. அதனால்தான் அந்தப் பெயரில் இன்னும் ஆஸ்பத்திரி வாடை. கே, லெஸ்பியன் என்பவை அப்படி அல்ல, அவர்களே தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட பெயர்கள். சண்டையில் அடுத்தவன்மேல் வீசத் தூக்கும்போதுதான் அவையும் கல்லாகின்றன.

தமிழ்ப் பத்திரிகைகள் தனிக் கதை. ஓரினச்சேர்க்கை என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இருவருடைய அன்பு, வாடகை, மளிகைக் கடன், காய்ச்சலில் கண்விழித்த ராத்திரி எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தலைப்பு போடுவதற்கு வசதியான சொல். நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதானே? நாளையிலிருந்து "மன்னார்குடி சாலையில் ஈரினச்சேர்க்கைத் தம்பதி சென்ற ஸ்கூட்டர் மீது லாரி மோதல்" என்றும் போடட்டும். "வலங்கைமானில் ஈரினச்சேர்க்கையாளர் இல்லத்தில் காதணி விழா" என்று பிளெக்ஸ் வைக்கட்டும். மாமன் சீர் எப்படி வருகிறதென்று பார்ப்போம்.

நல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7-ஆம் தேதி, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு போட்டார். போடுவதற்கு முன்னால், தனக்கே இந்த விஷயம் பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். உயர் நீதிமன்ற நீதிபதிக்குப் பாடம் தேவைப்பட்டது. எங்கள் பெஞ்சுக்குத் தேவைப்படவில்லை, அது பிறக்கும்போதே தீர்ப்போடு பிறந்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அரசிதழிலேயே சொற்களை அச்சிட்டது: தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையர் என்று. பெரும்பாலும் அந்த மக்களே பேசித் தீர்மானித்த சொற்கள்.

ஆனால் மரியாதையான சொல் வந்துவிட்டால் மரியாதை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அப்போது காங்கிரஸ்காரர்கள் வாயில் "ஹரிஜன்" மணத்துக்கொண்டிருந்தது, கடவுளின் பிள்ளைகள் என்று. அந்தக் கடவுளின் பிள்ளைகள் மாநாட்டுப் பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள். அதற்காக அவர்களைப் பிடித்து அடித்தார்கள், மொட்டையடித்தார்கள், சாணிப்பாலைக் கரைத்து ஊற்றினார்கள். பெயர் பிரமாதம், பந்தியில் மட்டும் இடமில்லை. ஊர்க் கட்டுப்பாடு என்று அன்று பேசிய அதே தொண்டைதான் இன்று கலாச்சாரம் என்று கனைக்கிறது. கலாச்சாரமாம்! ஆணும் ஆணும் சேர்ந்தால் ஆயுள் தண்டனைவரை போகலாம் என்று 377-ஆம் பிரிவை எழுதிக் கொடுத்தவன் வெள்ளைக்காரன். இங்கிலாந்து 1967-லேயே தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. நாம் 2018 செப்டம்பர் 6 வரை அவன் போட்ட எச்சில் இலையைப் பரம்பரைச் சொத்து என்று மடியில் கட்டிக்கொண்டிருந்தோம்.

2025 மே மாதம் இன்னொரு வழக்கு. வேலூர் பக்கத்துப் பெண், வயது 25, இன்னொரு பெண்ணை நேசித்தவர். போலீஸ் அவரைப் பெற்றோர் கையிலேயே பிடித்துக் கொடுத்தது. வீட்டில் அடித்தார்கள், "சரியாக்க" சடங்கு செய்தார்கள் என்று அந்தப் பெண் நீதிபதிகளிடம் சொன்னார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரை விடுவித்தார்கள். கல்யாணம் ஆகாமலும் குடும்பம் உண்டு என்றார்கள். போகிறபோக்கில், பால்புதுமையரைக் குறிக்கும் குயர் என்ற சொல்லைப் பயன்படுத்தத் தங்களுக்குச் சங்கடமாக இருப்பதாகவும் சொன்னார்கள்: அகராதியில் விசித்திரம் என்றல்லவா இருக்கிறது? நல்ல மனசு. ஆனால் அடிபட்டவர்கள் தங்கள்மேல் எறிந்த கல்லையே பொறுக்கிப் பெயர்ப்பலகை செய்துகொண்டால், அது அவர்கள் வீட்டுப் பலகை. வேண்டாம் என்கிறவரைக் குயர் என்று கூப்பிடாதீர்கள், வேண்டும் என்கிறவரைத் திருத்தாதீர்கள். தெரியவில்லையா, கேளுங்கள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் தாத்தாவின் கோத்திரம்வரை கேட்கிற வாய்க்கு இது ஒன்றும் பாரமில்லை.

கல்யாணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பையன் பெண்ணை நாடாதவன் என்று தெரிந்தே முகூர்த்தம் குறிக்கிற தகப்பன்மார் இங்கே உண்டு. "தாலி கட்டினா சரியாயிடும்." யாருக்குச் சரியாகும்? இருபது பவுனோடு வந்திறங்கி, இரண்டு வருஷம் கழித்து "மலடி" என்று பெயர் வாங்குகிற அந்தப் பெண்ணுக்கா? அவள் யார் கண்ணுக்கும் தெரிவதே இல்லை. அவளுக்கு எந்த அரசிதழும் சொல் அச்சிடவில்லை.

போலீஸ்காரர்களுக்குத் தனிப் பாடமே தேவையில்லை. இந்த மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-லேயே அவர்களுடைய நடத்தை விதிகளில் 24-சி சேர்த்தாகிவிட்டது. பெண்ணைக் காணோம் என்று தகப்பனார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் 2021 உத்தரவில் இருக்கிறது. வயதைப் பார், சம்மதத்தைக் கேள், வாக்குமூலம் வாங்கு, புகாரை முடி. "அவ என்ன லெஸ்பியனா?" என்ற கேள்வி அந்த வரிசையில் எங்கும் இல்லை. தகப்பனாருக்கு ஒரு டீ சொல்லி, கடைசி பஸ்ஸுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.