வில்லன்கள் கூட்டணி தோற்பது ஏன்? – ஒரு தொழிற்சங்கவியல் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: நாயகர் அணியோடு வில்லன்கள் கூட்டணி மோதும் காமிக்ஸ் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் வில்லன்கள் கட்டுண்டு கிடப்பார்கள். 'தர்மம் வென்றது' என்பதே இதற்கு இதுவரை சொல்லப்பட்டு வரும் காரணம். இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. தர்மம் கையில் சுத்தியல் எடுத்து அடித்ததாக எந்தப் படத்திலும் இல்லை, அடித்தது தோர்.

ஆய்வுக் களம்: வடசென்னையின் விம்கோ நகர். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட இடம். சுற்றுவட்டாரத்தில் எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். ஆலைகள். கேட் மீட்டிங், கோரிக்கை மனு, போனஸ் பேச்சுவார்த்தை, செட்டில்மென்ட் எல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே பாடமாகும் பகுதி. கூட்டணிகளை எடைபோட இதைவிடத் தகுந்த பல்கலைக்கழகம் இல்லை.

முதற்சான்று, எண்ணிக்கை: 1947-இல் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' இதழில் நாயகர் அணியான நீதிச் சங்கத்துக்கு எதிராக வில்லன்களின் அநீதிச் சங்கம் தோன்றியது. உறுப்பினர் ஆறு பேர். 1964-இல் ஸ்பைடர்மேனை ஒழிக்க டாக்டர் ஆக்டோபஸ் திரட்டிய 'சினிஸ்டர் சிக்ஸ்' கூட்டணியிலும் ஆறே பேர். இந்தக் கூட்டணியின் படத்தை ஓர் ஓய்வுபெற்ற ஃபிட்டரிடம் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் வைத்துத் தலைகளை எண்ணியவர், "இன்னா சார் இது, ஏழு கையெழுத்து இல்லாம சங்கத்த எப்புடி ரிஜிஸ்டர் பண்ணுவாங்க?" என்றார். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி அவர் சொன்னது சரி. பதிவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்றது அந்தச் சட்டம். உலகையே ஆளத் திட்டமிட்டவர்கள் ஓர் ஆளுக்காக அலையவில்லை.

இரண்டாம் சான்று, போராட்ட முறை: ஆறு பேரும் ஒரே நாளில் ஒரே வாசலில் நின்றிருந்தால் ஸ்பைடர்மேன் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் ஆளுக்கோர் இடத்தில் காத்திருந்து, ஒருவர்பின் ஒருவராக மோதி, ஒருவர்பின் ஒருவராகவே உதை வாங்கினார்கள். ஷிப்ட்டுக்கு ஒருவராக வேலைநிறுத்தம் செய்தால் எந்த முதலாளி அசைவார்?

மூன்றாம் சான்று, கருங்காலி: 1964-இல் 'அவெஞ்சர்ஸ்' ஆறாம் இதழில் பாரன் ஸீமோ தலைமையில் நால்வர் திரண்டனர். ஆயுதம், எதனாலும் கழற்ற முடியாத பசை. நாயகர்கள் ஒட்டிக்கொண்டார்கள், வெற்றி கைக்கெட்டும் தூரம். அப்போது சிறையிலிருந்த இன்னொரு பசைக்காரன், பேஸ்ட் பாட் பீட், தண்டனையில் சலுகை கிடைக்கும் என்று பசையைக் கரைக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டான். அதே தொழில்காரனைச் சங்கத்தில் சேர்க்காமல் வெளியே விட்டதன் பலன்.

எதிர்த்தரப்பு: நாயகர்கள் மட்டும் முறையான சங்கமா? 1963-இல் அவெஞ்சர்ஸ் தொடங்கியபோது ஐந்தே பேர். இரண்டாம் இதழிலேயே ஹல்க் கோபித்துக்கொண்டு வெளியேறினான். இருந்தும் தாக்குப் பிடித்தார்கள். அலுவலகம், தங்குமிடம், பரிமாற ஜார்விஸ் எல்லாம் டோனி ஸ்டார்க் உபயம். இங்கே இதற்கு நிர்வாகத்தின் கைச்சங்கம் என்று பெயர்.

தமிழ்ச்சான்று: 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் நமக்குத் தந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல), குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக ஆசைப்பட்டுக் கிளம்பியவன். பெல்ஹாம், ஆர்டினி என்று உதவியாளர் இருவர். பிறகு நீதிக்காவலனாகி, பழைய சகாக்களின் இனத்தையே வேட்டையாடினான். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலும் அவன் கதைகளை எழுதியிருக்கிறார். ஆபீசராகப் பதவி உயர்வு வாங்கிய சங்கத் தலைவரை இப்பகுதி மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

மறுப்புக்கு மறுப்பு: சிறியவர் சேர்ந்தாலும் பெரியவனை வெல்ல முடியாது என்பார் உளர். லயன் காமிக்ஸ் வெளியாகும் சிவகாசியே அதற்கு விடை. சுவீடன் முதலீட்டில் 1923-இல் தொடங்கி, எந்திரத்தில் குச்சி செய்து குவித்த விம்கோவுக்கு எதிரே, கையால் குச்சி அடுக்கிய சிறு பட்டறைகள் நின்றன. அவர்களிடம் அதிசயக் கதிர் எதுவும் இல்லை; சிறு உற்பத்தியாளருக்குக் குறைந்த கலால் வரி என்ற சலுகை இருந்தது. அதைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டார்கள், சந்தையையும் பிடித்தார்கள். விம்கோ பின்னர் ஐ.டி.சி. கைக்குப் போனது. வில்லன்களோ ஒரு முறைகூடக் கோரிக்கை மனு கொடுத்ததில்லை. எடுத்த எடுப்பில் உலகம் வேண்டும் என்கிறார்கள்.

பரிந்துரை: வில்லன்கள் முதலில் சந்தா வசூலிக்கவும். சினிஸ்டர் சிக்ஸின் சாண்ட்மேன்போல ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டணியில் சேருபவர் எதில் நீடிக்கிறார் என்று எழுதி வாங்கவும். ஏழாவது கையெழுத்துக்குப் பேஸ்ட் பாட் பீட்டைக் கேட்டுப் பார்க்கவும். ஒட்ட வைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.