டவுன் பஸ்ஸில் தகவல் காப்பு: ஒரு சிற்றாராய்ச்சி

கைபேசிப் பேச்சைப் பிறர் காதில் விழாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்குக் கைபேசியின் வயதே ஆகிறது. 1991இல் பின்லாந்தில் ஜிஎஸ்எம் என்னும் இரண்டாம் தலைமுறைக் கைபேசிச் சேவை தொடங்கியது. அந்த முறைக்கென ஏ5/1 என்றொரு மறையாக்கம் உண்டு. 19, 22, 23 பிட் நீளமுள்ள மூன்று பதிவகங்கள் மாறிமாறி நகர்ந்து, பேச்சை யாருக்கும் புரியாதபடி கலக்கிவிடும். அதன் உள்ளமைப்பைப் பரம இரகசியமாக வைத்திருந்தார்கள். 1999இல் முழுதும் வெளிவந்துவிட்டது. 2009 டிசம்பரில் பெர்லினில் கார்ஸ்டன் நோல் என்பவர் அதை உடைக்கும் அட்டவணைகளையே தயாரித்துக் காட்டினார்.

இது நிற்க. ஜிஎஸ்எம்மில் இந்தக் காவல் கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையில் மட்டுமே. கோபுரத்துக்கு அப்பால் நடப்பதைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். கைபேசிக்கு இப்பால், அதாவது வாய்க்கும் கைபேசிக்கும் இடைப்பட்ட நான்கு விரற்கடைத் தொலைவை ஆராய்ந்தவர் இலர். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. களம்: காலை நேரத்து டவுன் பஸ்.

முதல் முடிபு: சிக்னல் குறையக் குறையக் குரல் உயரும். கைபேசி எவ்வளவு ஆற்றலில் அலை அனுப்ப வேண்டும் என்பதைக் கோபுரமே அவ்வப்போது கட்டளையிட்டுக் கட்டுப்படுத்துகிறது. தொண்டைக்கு அவ்வாறான ஏற்பாடு ஏதும் செய்யப்படவில்லை.

இரகசியம் பேசுவோர் குரலைத் தாழ்த்திக்கொள்வரே எனின், அற்றன்று. என்னை? “இதை யார்கிட்டயும் சொல்லிடாதே” என்னும் தொடரே களத்தில் பதிவானவற்றுள் ஒலி மிக்கது. நடத்துநர் விசிலை நிறுத்திக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவோர் தனி வகை. அவர்கள் மறுமுனையாளரின் இரகசியத்தையும் சேர்த்தே வழங்குவதால் வள்ளல்கள் எனப்படுவர்.

இனி அடையாளச் சோதனை. ஜிஎஸ்எம்மில் கைபேசி தான் யார் என்று கோபுரத்துக்கு மெய்ப்பிக்க வேண்டும். கோபுரம் கைபேசிக்கு எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. போலிக் கோபுரங்கள் முளைத்தது இந்த ஓட்டையில்தான். 3ஜியில் இரு தரப்பும் ஒன்றையொன்று சோதிக்கும்படி திருத்தினார்கள். 5ஜியில் சந்தாதாரரின் நிரந்தர அடையாள எண்ணையே மறைத்து அனுப்ப வழி செய்தார்கள். ஆனால் “பேங்க்ல இருந்து பேசுறோம் சார்” என்பவரிடம் நாம் இன்றளவும் இரண்டாம் தலைமுறை நெறியையே கைக்கொள்கிறோம். அவர் யாரென்று நாம் கேட்பதில்லை. அவர் கேட்டதும் ஓடிபியின் ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிதானமாக, பேருந்து முழுமைக்கும் பொதுவாக ஒப்பிக்கிறோம். பிழை நேராதிருக்க இரண்டாம் முறையும் சொல்கிறோம். பொறியியலார் இதைப் பிழைதிருத்தம் என்பர்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தம்முடைய தகவலுக்கு அது பொருந்தாது. டவுன் பஸ்ஸை மனத்தில் கொண்டே இவ்விதிவிலக்கை வரைந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. மறுப்போர் ஒருநாள் ஏறிப் பார்க்கலாம்.

இறுதியாக, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் வரும் அன்பருக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் ஆதார் எண்ணின் ஒன்பதாம் இலக்கம் ஏழா எட்டா என்பதில் முன்வரிசையாருக்கும் பின்வரிசையாருக்கும் இடையே பாடபேதம் நிலவுகிறது. அடுத்த முறை அவ்விடத்தில் சற்று நிறுத்திச் சொல்லவும்.